வேலையை விட்டு ஆசிரியராவது: மலையகத்தில் எந்த உதவி யாருக்குப் பொருந்தும்?

வங்கியில் ஐந்தாறு வருடம் வேலை செய்தவர், கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர், தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருப்பவர், தொண்டு நிறுவனத்தின் திட்டம் முடிந்து வீடு திரும்பியவர். இவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: "ஆறாம் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகளுக்குப் படிப்பிக்க ஆசை. பயிற்சிக்கு எந்தப் புலமைப்பரிசில் நல்லது? இப்போது செய்கிற வேலையை விட்டுவிடலாமா?"

இந்த ஆசை நிறைவேற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தமிழ்மொழி மூலம் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் போதாமல் மலையகப் பாடசாலைகள் பல வருடமாகத் தவிக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுக்க நினைக்கிற தோட்டத்துப் பிள்ளை ஊரை விட்டுப் போய் போர்டிங்கில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. வெளியே வேலை பார்த்து, நாலு விஷயம் தெரிந்து வருகிற ஒருவர் அந்த வகுப்பறைக்குள் நுழைந்தால் அது பெரிய பலம். அவரே பாதி வழியில் பணம் தீர்ந்து திரும்பிவிட்டால் அவருக்கும் நட்டம், பிள்ளைகளுக்கும் நட்டம். எனவே தெரிவை நிதானமாகச் செய்ய வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'வேலை மாறுகிறவர்களுக்கான ஆசிரியர் புலமைப்பரிசில்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தேடி நாட்களைக் கடத்த வேண்டாம். நம்முடைய கைக்கு எட்டும் உதவி வேறு பெயர்களில், நான்கு வழிகளில் வருகிறது: கல்வியியற் கல்லூரியின் இலவசப் பயிற்சி, நியமனம் பெற்ற பிறகு சம்பளத்தோடு கிடைக்கும் பயிற்சி, வேலையை விடாமல் படிக்கும் திறந்த பல்கலைக்கழகம், இந்திய அரசின் புலமைப்பரிசில்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

வயது. மற்றதையெல்லாம் இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். கல்வியியற் கல்லூரிக்கு 25 வயதுக்கு மேல் எடுப்பதில்லை. ஆசிரியர் சேவைக்குப் பட்டதாரிகளை எடுக்கும்போது உச்ச வயதெல்லை வழக்கமாக 35. சில ஆட்சேர்ப்புகளில் 40 வரை தளர்த்தியிருக்கிறார்கள். தளர்த்துவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். 35 என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நின்றுபோகும் சம்பளம். புலமைப்பரிசில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மாதம் சம்பளம் வராது என்று கேட்பவர்கள் குறைவு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் மாதச் சம்பளம் 60,000 ரூபா. மூன்று வருடம் முழுநேரப் படிப்புக்குப் போனால் கையில் வராமல் போவது 21 லட்சத்து 60 ஆயிரம். இதோடு முடியவில்லை. தொழில் தருநர் உங்கள் பெயரில் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதம். இரண்டும் சேர்ந்து மாதம் 9,000 ரூபா. அதுவும் நிற்கும். மூன்று வருடத்துக்கு 3 லட்சத்து 24 ஆயிரம்.

இப்போது உதவித்தொகையைப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். அந்த அளவில் ஒரு உதவி மூன்று வருடமும் தவறாமல் கிடைத்தாலும் 2 லட்சத்து 70 ஆயிரம்தான். சேமலாப நிதியிலும் நம்பிக்கை நிதியத்திலும் இழப்பதையே அது ஈடுகட்டாது. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பித் தம்பி, தங்கை படிக்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் கனமாகும்.

வேலையை விடும் திகதியும் முக்கியம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் பணிக்கொடை கிடைக்கும். சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 60,000 ரூபா சம்பளக்காரருக்கு ஐந்து வருடத்துக்கு 1 லட்சத்து 50 ஆயிரம். நாலு வருடம் பத்து மாதத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வருபவர் அவ்வளவையும் விட்டுவிட்டு வருகிறார். நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்ததை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். சேமலாப நிதியை அப்படி எடுக்க முடியாது. ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்ந்தால் அதை எடுக்க வழி உண்டு. எனவே அந்தப் பணம் ஆசிரியரான பிறகு உதவும், படிக்கிற காலத்துக்கு உதவாது.

சான்றிதழ் எந்தத் தரத்தில் சேர்க்கும். 2014இல் வெளியான இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி (அந்தச் சேவையின் விதிகள் அடங்கிய ஆவணம்) கற்பித்தல் டிப்ளோமாவோடு வருபவர் 3-1 (இ) தரத்தில் சேர்கிறார். பட்டதாரி அதற்கு மேலான 3-1 (ஆ). கல்விமாணிப் பட்டம் உள்ளவர், அல்லது பட்டத்தோடு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் உள்ளவர் இன்னும் மேலான 3-1 (அ). தரத்துக்கு ஏற்பத் தொடக்கச் சம்பளமும் மாறும், அடுத்த பதவி உயர்வுக்கான காலமும் மாறும்.

நியமனம் எவ்வளவு உறுதி. சில வழிகளில் பயிற்சியின் முடிவில் நியமனம் காத்திருக்கிறது. சிலவற்றில் பயிற்சி முடிந்தபின் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும்.

பாடமும் மொழியும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் என்றால் கதவுகள் சீக்கிரம் திறக்கும். கலைப் பாடங்களுக்குப் போட்டி அதிகம். உங்கள் பட்டம் எந்தப் பாடத்துக்கு உங்களைத் தகுதியாக்குகிறது என்பதை வர்த்தமானியில் உள்ள பாடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

## 1. கல்வியியற் கல்லூரி: செலவு குறைவு, கதவு ஒடுக்கம்

கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியை மலையகத்தில் தெரியாதவர் இல்லை. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பஞ்சத்தைத் தீர்க்க ஜெர்மன் அரசின் உதவியோடு 1990களில் உருவான கல்லூரி அது. கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களிலும் தமிழில் படிக்கக் கூடிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு.

பயிற்சி மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. கல்விக் கட்டணம் இல்லை, மாதம் ஒரு கொடுப்பனவும் உண்டு. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் அரச நியமனமும். நியமன உறுதியைப் பொறுத்தவரை இதற்கு இணையான வழி வேறில்லை.

ஆனால் வேலை மாறுகிறவருக்கு இங்கே மூன்று தடைகள் இருக்கின்றன. வயது முதலாவது. இரண்டாவது, பலர் கவனிக்காதது: எந்த வருட உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றுக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்பதை ஒவ்வொரு வர்த்தமானியும் குறிப்பிட்டுச் சொல்லும். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த நல்ல இசட் புள்ளி இப்போது செல்லாது. 23 வயதில் வேலையிலிருந்து திரும்புகிறவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடியும் உயர்தரம் எழுத வேண்டி வரலாம். மூன்றாவது, விண்ணப்பிப்பவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வர்த்தமானிகளில் வந்திருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்றால் முதலில் காத்திருப்பைச் சொல்வேன். பெறுபேறு வந்து, விண்ணப்பம் கோரி, நேர்முகப் பரீட்சை நடந்து, கல்லூரிக்குள் போவதற்குள் நீண்ட காலம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் செய்கிற வேலையை விடாதீர்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு விலகல் கடிதம் கொடுத்தால் போதும். உள்ளே போனபின் பகுதிநேர வேலை, டியூசன் எதுவும் சரிவராது. ஒப்பந்தத்தில் பிணைக்காரரும் கையெழுத்திட வேண்டும், பாதியில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டி வரும். தோட்டத்தில் பிணைக்கு ஆள் தேடுவது இலேசான காரியமில்லை, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

22, 23 வயதில் 'தப்பான வேலைக்கு வந்துவிட்டேன்' என்று உணர்ந்தவருக்கு, உயர்தரத்தை இன்னொரு முறை எழுதத் தெம்பும் இருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை. 25ஐத் தாண்டியவர் இந்தப் பகுதியை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

## 2. முதலில் நியமனம், பிறகு சம்பளத்தோடு பயிற்சி

என் கணிப்பில், கையில் ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்கு இதுதான் மிகப் பெரிய புலமைப்பரிசில். பெயரில் அப்படி இல்லாததால் பலருடைய கண்ணில் படுவதில்லை.

இலங்கையில் பட்டதாரி ஒருவர் பயிற்சி பெறாமலேயே ஆசிரியர் சேவைக்குள் நுழையலாம். மாகாணப் பாடசாலைகளுக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு மூலமும், தேசியப் பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சு மூலமும் ஆட்சேர்ப்பு நடக்கிறது. போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, வகுப்பறையில் படிப்பித்துக் காட்டும் செயன்முறைப் பரீட்சை. இவற்றைத் தாண்டினால் 3-1 (ஆ) தரத்தில் நியமனம். அதன்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, ஆசிரியர்கள் 'டிப் இன் எட்' என்று சொல்வது. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களும், திறந்த பல்கலைக்கழகமும், மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் இதை நடத்துகின்றன. முழுநேரப் பயிற்சிக்குத் தெரிவானால் சம்பளத்தோடு விடுமுறை பெறும் ஏற்பாடு சேவையில் இருப்பவருக்கு உண்டு. பகுதிநேரம் என்றால் வாரஇறுதியில் படித்துக்கொண்டே படிப்பிக்கலாம்.

இதனால்தான், வங்கி வேலையில் இருந்துகொண்டு சொந்தப் பணத்தில் முதலில் 'டிப் இன் எட்' முடிக்க நினைப்பவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன். அந்த டிப்ளோமா மட்டும் நியமனம் வாங்கித் தராது. ஆட்சேர்ப்புப் பரீட்சையை எப்படியும் எழுத வேண்டும். டிப்ளோமாவின் பலன் 3-1 (ஆ) தரத்துக்குப் பதிலாக 3-1 (அ) தரத்தில் தொடங்குவது. நல்ல பலன்தான். ஆனால் அதில் கற்பித்தல் பயிற்சி என்றொரு பகுதி இருக்கிறது. பாடசாலையில் வேலை இல்லாதவர் அதற்காக ஒரு பாடசாலையின் அனுமதியைத் தேட வேண்டும், வார நாட்களில் வகுப்பெடுக்க வேண்டும். வங்கி அத்தனை நாள் லீவு தருமா? சம்பளமில்லா லீவில் போனால் அந்தத் தொகையையும் பயிற்சிச் செலவில் சேர்க்க வேண்டும்.

இந்த வழியின் பலவீனம் காலம். ஆட்சேர்ப்பு ஒவ்வொரு வருடமும் தவறாமல் நடப்பதில்லை. வழக்குகளாலும் அரசின் நிதி நெருக்கடியாலும் தள்ளிப்போன காலங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நேற்று 33 வயது, அடுத்த ஆட்சேர்ப்பு வரும்போது 36 என்பது நடக்கக் கூடியதே. 30ஐத் தாண்டிய பட்டதாரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வர்த்தமானியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மத்திய மாகாணம், ஊவா, சப்ரகமுவ என்று மாகாண சபைகள் தனித்தனியாகக் கோரும் விண்ணப்பங்களையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம் வதிவிடம். மாகாண ஆட்சேர்ப்பில் அந்த மாகாணத்தில் தொடர்ச்சியாக மூன்று வருடம் நிரந்தர வதிவு வழக்கமாகக் கேட்பார்கள். கொழும்பில் வேலை செய்கிறவர் வசதிக்காக வாக்காளர் பதிவைக் கொழும்புக்கு மாற்றியிருந்தால் இங்கே சிக்கல். ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பதிவை ஊரிலேயே வைத்திருங்கள்.

பட்டம் இல்லாமல், உயர்தரத்தோடு தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளராகப் போகும் வழியும் சில காலங்களில் திறந்திருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்கள் கொட்டகலை முதலான ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சி பெற்று ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. கடந்த தசாப்தத்தில் சேர்ந்த அந்த இளைஞர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா கொடுப்பனவு மட்டும். நிரந்தர நியமனத்துக்காகப் பல வருடம் போராடினார்கள். பொகவந்தலாவையிலிருந்து மஸ்கெலியாவுக்குத் தினமும் பஸ் ஏறுகிறவருக்கு அந்தக் காசு போக்குவரத்துக்குப் போதுமா என்று யோசித்துப் பாருங்கள். மறுபடி இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால், கொடுப்பனவு எவ்வளவு, எந்தத் திகதிக்குள் எந்தத் தரத்துக்கு உள்வாங்குவார்கள் என்பது அறிவித்தலில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேடையில் சொன்னது கணக்கில் வராது.

## 3. திறந்த பல்கலைக்கழகம்: சம்பளம் நிற்காது, காலம் நீளும்

பட்டம் இல்லாமல் 25ஐத் தாண்டியவருக்கு நடைமுறையில் மிஞ்சுவது பெரும்பாலும் இதுதான். உள்வாரிப் பல்கலைக்கழகக் கதவு அந்த வயதில் ஏறக்குறைய மூடிவிடுகிறது. அதோடு மகாபொலவும் போய்விடும், ஏனென்றால் அது உள்வாரி மாணவருக்கானது.

1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு வயது உச்சவரம்பு இல்லை. உயர்தரம் சரியாக அமையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே வரலாம். கண்டி, பதுளை நிலையங்கள் மலையகத்துக்குக் கிட்ட இருக்கின்றன, ஹட்டனிலும் கற்கை நிலையம் உண்டு. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம். வருமானம் குறைந்த மாணவருக்கு உதவிக் கொடுப்பனவும் உண்டு. பெற்றோர் தோட்டத் தொழிலாளர் என்றால் வருமானச் சான்றிதழை கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகச் சரியாக எடுத்து, முதல் வருடமே விண்ணப்பியுங்கள். நமக்குக் கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பமே போடாமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே துண்டு துண்டாக வரும். பகல் வகுப்புக்காகக் கண்டிக்குப் போய் வர ஹட்டனிலிருந்து ஒரு பக்கம் மட்டும் இரண்டரை மணித்தியாலம். காலை வகுப்பு என்றால் முதல் நாள் இரவே தங்க வேண்டும். விஞ்ஞானப் பாடம் எடுத்தால் ஆய்வுகூட வகுப்புகள் பெரிய நிலையங்களில்தான் நடக்கும், அவற்றைத் தவறவிட முடியாது. விஞ்ஞானமாணி ஆங்கில மொழி மூலம். தமிழில் உயர்தரம் படித்தவருக்கு முதல் வருடம் கடினமாகத்தான் இருக்கும். அந்த வருடத்தை ஆங்கிலத்துக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். பின்னால் இருமொழி வகுப்புகளில் படிப்பிக்கும்போது அந்த உழைப்பு கைகொடுக்கும்.

பேராதனை முதலான பல்கலைக்கழகங்களின் வெளிவாரிக் கலைமாணி இதைவிடச் செலவு குறைவு, தமிழிலேயே எழுதலாம். ஆனால் போட்டி நிறைந்த கலைப் பாடங்களுக்கே அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தெரிவு செய்யாதீர்கள். கணிதத்தில் கொஞ்சமாவது பிடிப்பு இருந்தால் கஷ்டப்பட்டாவது அந்தப் பக்கம் போவது நல்லது.

வயதுக் கணக்கை இங்கேயும் போட வேண்டும். 29 வயதில் பதிவு செய்கிறவர் எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே சித்தியடைந்தாலும் பட்டம் வரும்போது 33, 34. ஒரு வருடம் பிந்தினால் அரச ஆட்சேர்ப்பின் வயதெல்லை தலைக்கு மேல் வந்து நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் தனியார் பாடசாலைகளும் சர்வதேசப் பாடசாலைகளும் இருக்கின்றன. ஆனால் அவை கண்டியிலும் நகரங்களிலும்தான், அங்கே ஓய்வூதியம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவர் தொடங்கட்டும்.

## 4. இந்திய அரசின் புலமைப்பரிசில்: தொகை பெரிது, பாலம் நீளம்

இரண்டு விதமான உதவிகளைப் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும்போது உதவுகிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அதைக் கவனிக்கிறது. வேலையிலிருந்து மாறுகிறவருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் உங்கள் தம்பி, தங்கைக்குப் பொருந்தலாம். அவர்களுடைய படிப்புச் செலவு குறைந்தால் நீங்கள் வேலை மாறுவதும் இலேசாகும், எனவே விசாரித்து வையுங்கள்.

மற்றது இந்தியாவுக்குப் போய்ப் படிக்கும் புலமைப்பரிசில்கள். நேரு நினைவுப் புலமைப்பரிசில் பட்டப் படிப்புக்கு, மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு. கல்விக் கட்டணம் முழுவதும், மாதக் கொடுப்பனவு, தங்குமிடத்துக்கும் புத்தகத்துக்கும் பணம், விமானப் பயணம் எல்லாம் அடங்கும். பட்டப் படிப்புக்கும் முதுமாணிக்கும் வயது 30க்குள் இருக்க வேண்டும். தொகையை மட்டும் பார்த்தால் நான்கில் இதுவே முதலிடம்.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கே பி.எட். இப்போது இரண்டு வருடம், பட்டத்துக்குப் பிறகு. அதையும் செய்ய நினைப்பவர், இங்கே ஆசிரியர் சேவையில் அதற்கு எந்த இடம் என்று கல்வி அமைச்சிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். படித்து முடித்து வந்தபின் நியமனம் தயாராக இருக்காது. இரண்டாம் வழியின் வரிசையில்தான் நீங்களும் நிற்பீர்கள், இன்னும் சில வயது கூடிய நிலையில். அந்த இடைவெளியில் இங்கே ஆட்சேர்ப்பு நடந்து முடிந்துவிடவும் கூடும்.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போன உறவுகள் கோத்தகிரியிலோ கூடலூரிலோ திருச்சியிலோ நம்மில் பலருக்கு உண்டு. அங்கே ஒரு வீடு இருப்பது ஆறுதல். ஆனால் உறவினர் இருக்கும் ஊர் என்பதற்காகக் கல்லூரியைத் தெரிவு செய்யாதீர்கள், அங்கீகாரத்தையும் பாடத்தையும் பாருங்கள்.

25, 26 வயதில், கணிதத்திலோ பௌதிகத்திலோ பட்டம் உள்ளவர், உயர்தர வகுப்புக்கு ஆழமாகப் படிப்பிக்க வேண்டும் என்று விரும்பினால், முதுமாணிப் புலமைப்பரிசில் அவருக்கு அருமையான வாய்ப்பு. குடும்பப் பொறுப்பு தோளில் இருக்கும் 30 வயதுக்காரருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கல்வியியற் கல்லூரி | நியமனத்தின் பின் பயிற்சி | திறந்த பல்கலைக்கழகம் | இந்தியப் புலமைப்பரிசில் |
|---|---|---|---|---|
| வயது | 25 வரை | வழக்கமாக 35 வரை | எல்லை இல்லை | 30 வரை |
| முன் தகுதி | குறித்த வருட உயர்தரம் | பட்டம் | அடிப்படைப் பாடநெறி வழியும் உண்டு | உயர்தரம் அல்லது பட்டம் |
| சம்பளம் நிற்குமா | மூன்று வருடம் | நிற்காது | நிற்காது | படிப்புக் காலம் முழுவதும் |
| நேரடி உதவி | இலவசப் பயிற்சி, கொடுப்பனவு | மாதச் சம்பளம் | தவணை, வருமான அடிப்படையில் உதவி | கட்டணம், செலவு முழுவதும் |
| நியமனம் | கிட்டத்தட்ட உறுதி | ஏற்கெனவே கையில் | தனியாகத் தேட வேண்டும் | தனியாகத் தேட வேண்டும் |
| பெரிய ஆபத்து | தகுதி வருடம் தவறுவது | ஆட்சேர்ப்பு தாமதம் | வயதெல்லை தாண்டுவது | திரும்பியபின் இடைவெளி |

## உங்கள் நிலைமை எது?

பட்டம் இருக்கிறது, வயது 30க்கு மேல், வேலையும் இருக்கிறது என்றால் வேலையை விடாதீர்கள். ஆட்சேர்ப்புப் பரீட்சைக்கு இப்போதிருந்தே படியுங்கள். சனி, ஞாயிறில் பக்கத்துப் பாடசாலையின் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள். செயன்முறைப் பரீட்சைக்கும் அது பழக்கம், இந்த வேலை உங்களுக்குச் சரிவருமா என்றும் தெரிந்துவிடும். சாதாரண தரத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பின்னம் தெரியாத பிள்ளையோடு உட்கார்ந்து பொறுமை இழக்காமல் சொல்லிக்கொடுக்க முடிகிறதா என்பதை எந்த நேர்முகப் பரீட்சையும் உங்களுக்குச் சொல்லாது.

பட்டம் இருக்கிறது, வயது 27க்குக் கீழ், விஞ்ஞானப் பக்கம் என்றால் இந்திய முதுமாணிக்கும் உள்நாட்டு ஆட்சேர்ப்புக்கும் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். முதலில் நியமனக் கடிதம் வந்தால் அதை எடுங்கள். முதுமாணியைச் சேவையில் இருந்துகொண்டே பின்னால் செய்யலாம்.

பட்டம் இல்லை, வயது 28 என்றால் திறந்த பல்கலைக்கழகம், இந்த வருடமே. பதிவை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் கடைசியில் வயதெல்லைக்கு முன் கிடைக்கும் ஒரு ஆட்சேர்ப்பு கைநழுவலாம்.

நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ தனியார் நிறுவனத்தில் ஒரு வருட 'ஆசிரியர் டிப்ளோமா' முடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சான்றிதழ் பிரமாணக் குறிப்பில் எந்தத் தரத்துக்குப் பொருந்தும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பக்கத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

## விண்ணப்பிப்பதற்கு முன்

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் இரண்டு காரியத்தை இந்த வாரமே தொடங்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் பிறந்த பலருக்கு அப்பாவின் பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும், சிங்களத்தில் எழுதும்போது எழுத்தும் மாறியிருக்கும். அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடினால் நடக்காது.

மற்றது முகவரி. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வழியாகக் கை மாறி வருகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த சம்பவங்கள் நிறைய. நிரந்தர முகவரியை மாற்ற வேண்டாம், வதிவிட நிபந்தனைக்கு அது தேவை. தொடர்பு முகவரி என்று தனியாகக் கேட்கும் இடத்தில் டவுனில் உள்ள நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். அவரிடம் வாரம் ஒரு முறை போன் போட்டு விசாரியுங்கள். பெறுபேறும் நேர்முகப் பட்டியலும் இணையத்தில் வந்துவிட்டனவா என்று பரீட்சைத் திணைக்களம், மாகாணக் கல்வித் திணைக்களம் இரண்டின் தளங்களையும் நீங்களே திறந்து பாருங்கள்.